சுத்தியலை நிறுத்தச் சொன்னேன்

ஏப்ரல் 3
கப்பலில் பன்னிரண்டாம் நாள். அக்கா போன் செய்தாள். கடலை வேடிக்கை பார்க்க ஒரு சம்பளமா என்று வழக்கம்போலக் கேட்டாள். காற்றாலைக்கான இரும்புத் தூணைக் கடலடியில் அடித்து இறக்கும் முன், அரை மணி நேரம் பைனாகுலரும் கையுமாக நின்று, சுற்றிலும் டால்பின் இல்லை என்று நான் சொல்ல வேண்டும். அந்தச் சுத்தியல் சத்தம் பக்கத்தில் கேட்டால் அவற்றுக்குக் காது போய்விடும். காது போனால் இரையையும் தேட முடியாது, குட்டியையும் தேட முடியாது. அதற்குத்தான் சம்பளம் என்றேன். "சரி, தொப்பி போட்டுக்கோ" என்றாள்.

ஏப்ரல் 6
மழை. வேலை இல்லை. துணி துவைத்தேன்.

ஏப்ரல் 7

தூணை நிமிர்த்தியாகிவிட்டது. என் அரை மணியில் இருபத்தாறாவது நிமிடம், இடப்பக்கம் இரண்டு முதுகுகள். ஒன்று பெரியது, இன்னொன்று அதன் விலாவோடு ஒட்டி. ஒரே நொடிதான். ரேடியோவில் நிறுத்தச் சொன்னேன். மேற்பார்வையாளர் படியேறி வந்தார். தண்ணீருக்கடியில் மைக் போட்டுக் கேட்பவரை (அவரை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுகிறோம்) விசாரித்தார். ஒரு சத்தமும் வரவில்லை என்று பதில்.
"அலையைப் பாத்துட்டு டால்பின்னு சொல்றீங்களா?"
"ரெண்டு பாத்தேன் சார். ஒண்ணு குட்டி."
வேறு யாரும் பார்க்கவில்லை. மறுபடி முதலிலிருந்து அரை மணி. அதற்குள் காற்று எழும்பிவிட்டது, இன்றைய வேலை போச்சு. சாப்பாட்டு அறையில் என் மேசைக்கு ஒருவரும் வரவில்லை.
பார்த்தேன். பார்த்தேன்தானே?

ஏப்ரல் 8
எனக்குப் பதில் வேறு ஆளை அனுப்பச் சொல்லி மேற்பார்வையாளர் கரைக்கு எழுதிவிட்டாராம். அக்காவிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 9
காலைக் கூட்டத்தில் காது எழுந்து நின்றார். மைக்கை வெளியே எடுத்துப் பார்த்தாராம். ஒயர் இணைப்பில் உப்புத் தண்ணீர் இறங்கி, செவிடாகவே கிடந்திருக்கிறது. பேசாமல் மாற்றியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.
"கேக்கலைன்னு நான் சொன்னதை எடுத்துக்காதீங்க. அவங்க பாத்தேன்னு சொன்னா பாத்திருப்பாங்க."
மேற்பார்வையாளர் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காதிடம் நன்றி சொல்லப் போனால், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும் என்கிறார். கப்பலில் டீ இலவசம். இப்படி ஒரு மனுஷன் பக்கத்து அறையில் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போச்சே.

ஏப்ரல் 15
வேறு ஆள் வரவில்லை. ஓட்டை போட்ட ஒரு நீளக் குழாய்தான் வந்தது. தூணைச் சுற்றிக் கடலடியில் போட்டுக் காற்றடித்தால், குமிழிகள் சுவர் மாதிரி எழும்பிச் சத்தத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். மேற்பார்வையாளரே கேட்டு வாங்கினாராம். கொஞ்சம்தான், முழுசாக இல்லை. வழக்கமாக இந்தப் பக்கம் பறக்கும் ஆலாப் பறவைகள் இப்போது தூண்களை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. ஆனால் போன வருடம் இறக்கிய தூண்களில் சிப்பிகள் அப்பியிருப்பதை முக்குளிப்பவர் படமெடுத்துக் காட்டினார். நடுவே பொடிமீன் கூட்டம். காற்றாலை கடலுக்கு நல்லதா கெட்டதா என்று அக்கா கேட்டால் ஒரே வார்த்தையில் என்ன சொல்வேன்?

மே 2
காய்ச்சல். பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய சுத்தியல் பதினொன்றாகியும் கேட்கவில்லை. போர்வையோடு மேலே போனேன். நான் நிற்கும் இடத்தில் மேற்பார்வையாளர், கண்ணில் பைனாகுலர்.
"நாலு இருக்கு. இன்னும் போகல. நீங்க போய்ப் படுங்க" என்றார், திரும்பாமலே.
வந்து படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.