தலைகீழ் டிக்கெட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், அப்பாவின் சுகத்தை வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷின் பார்த்துக்கொள்கிறது, மீதி நாலு நாள் நான் பார்த்துக்கொள்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ நாலு கேள்வி கேட்பாய், அதற்குப் பதில் சொல்வதற்குள் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும். காகிதம் குறுக்கே பேசாது.

முதலில் வீட்டு விஷயம். உன் அறை ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாகிவிட்டது, நீ வருவதற்குள் சுவருக்கும் ஒரு கை வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு அப்பாவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் கணக்குச் சொல்லியிருக்கிறார் இல்லையா, அதை நான் ஒரு பாட்டிலில் அளந்து வைக்கிறேன், அவர் பல் தேய்க்கிற சாக்கில் குழாயில் இரண்டு மடக்குக் கூடுதலாகக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார். அறுபத்தாறு வயதில் தண்ணீர் திருடுகிற மனிதரை என்னவென்று திட்டுவது. மற்றபடி ஆறு பத்து ரயிலில் ஏறி, எட்டு மணிக்கு நகரத்தில் இறங்கி, எட்டரைக்கு மெஷின் பக்கத்தில் படுத்து, பகல் ரயிலில் திரும்பி வருகிறார். ரயில் நம் ஊரில் நிற்கிற வரைக்கும் அவருக்கும் ஒரு வழி இருக்கிறது, நான் எழுத வந்தது அந்த ரயிலைப் பற்றித்தான்.

நம் பாதைக்கு விமோசனம் வந்துவிட்டது. இரண்டாவது தண்டவாளம் போடுகிறார்கள், பிளாட்பாரத்தை உயர்த்தப் போகிறார்கள், இருபது நிமிடத்துக்கு ஒரு ரயில், நகரத்துக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். காலையில் வாசலில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு போகிறவர்களை இருபத்தாறு வருஷம் டிக்கெட் கவுண்டருக்குள் இருந்து பார்த்தவள் நான், இந்த வேலை நடக்கவேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் வேகமாகப் போகவேண்டும் என்றால் எல்லா ஊரிலும் நிற்க முடியாதாம். ஒரு நாளைக்கு முந்நூறு டிக்கெட் விற்கிற ஸ்டேஷனில்தான் புது ரயில் நிற்கும், மற்ற ஊர்களுக்குப் பழைய ரயில் பகல் பதினொன்றுக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. பதினொரு மணி ரயிலை வைத்துக்கொண்டு அப்பா எட்டரைக்கு எங்கே போய்ப் படுப்பது. தாமதமாகப் போனால் அடுத்த நோயாளிக்கு மெஷினைக் கொடுத்துவிடுவார்கள். வாடகைக் காரில் வாரம் மூன்று முறை அந்தக் குண்டும் குழியுமான சாலையில் போய் வரும் உடம்பும் இல்லை அவருக்கு.

போன மாதம் பள்ளிக்கூட ஹாலில் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். திட்ட அதிகாரி நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். திரையில் பாதையை வரைந்து ஸ்டேஷன்களைப் புள்ளி வைத்துக் காட்டினார். மற்றதெல்லாம் பச்சை, நம்முடையது சாம்பல் நிறம். பக்கத்தில், ஒரு நாளைக்கு ஏறுகிறவர்கள் பதினொன்று என்று போட்டிருந்தது. ஹாலில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். உனக்குப் பாடம் எடுத்த கணக்கு டீச்சர் எழுந்து, "காலையில பிளாட்பாரத்துல நானே முந்நூறு தலைக்கு மேல எண்ணியிருக்கேங்க" என்றார். அதிகாரி, இது இருபது வருஷத்து டிக்கெட் கணக்கு, கம்ப்யூட்டரில் இருப்பதைத்தான் நான் பார்க்க முடியும், இந்த ஊருக்குச் சாயங்காலம் நகரத்திலிருந்து நிறையப் பேர் வந்துவிட்டு மறுநாள் காலை திரும்பிப் போகிறார்கள், ஆனால் அவர்கள் நகரத்துக்காரர்கள் என்றார். அப்போதுதான் சிரிப்பு அடங்கியது. ஏன் அப்படி இருக்கிறது என்று அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரியும். ஒருவர்கூடத் திரும்பி என்னைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

நம் ஊரில் தலைகீழ் டிக்கெட் என்று சொல்வார்களே, நீயும் சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறாய். சாயங்காலம் நகரத்தில் ஏறும்போதே ஊருக்கு வரவும், மறுநாள் காலை திரும்பிப் போகவும் சேர்த்து எடுத்துவிடுவது. காலையில் நம் கவுண்டரில் யாரும் நிற்கவேண்டாம், நேராக வந்து ரயில் ஏறலாம். மாதப் பாஸும் அங்கேயேதான். இப்போது போனில் எடுக்கிறவர்களும் கை பழகிப்போய் அப்படியே எடுக்கிறார்கள். ஊர்வழக்கம் என்றுதான் நீ நினைத்திருப்பாய். அதை ஆரம்பித்து வைத்தது உன் அம்மா.

உனக்கு எட்டு வயதில் இழுப்பு வந்தது ஞாபகம் இருக்கும். விடிகாலையில்தான் கூடும். ஆவி பிடிக்கவைத்து, மருந்துப் புகை கொடுத்து, நெஞ்சைத் தடவிவிட்டு, மூச்சு சீராகி நீ தூங்க ஆறு மணி தாண்டிவிடும். அப்பாவுக்கு அப்போது நகரத்து அச்சகத்தில் இரவு வேலை. நான் ஐந்து நாற்பதுக்குக் கவுண்டரைத் திறக்கவேண்டும், ஆறேகாலுக்குத்தான் போவேன். அதற்குள் முதல் ரயில் போயிருக்கும். டிக்கெட் இல்லாமல் ஏறி நாலு பேர் மாட்டிக்கொண்ட பிறகு, ஒரு சாயங்காலம் பிளாட்பாரத்தில் நின்று இறங்கினவர்களிடம், "நாளைக்கும் எனக்கு லேட்டாகுங்க, அங்கேயே போக வர சேர்த்து எடுத்துக்குங்க" என்று கேட்டுக்கொண்டேன். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை, மேலிடத்துக்கு ஒரு வரி எழுதிப் போடவில்லை. "பாப்பாவுக்கு இப்ப எப்படிங்க இருக்கு" என்றுதான் கேட்டார்கள். இரண்டே கால் வருஷம் நான் லேட். அந்த இரண்டே கால் வருஷமும் ரிஜிஸ்டரில் ஐந்து நாற்பதுக்குத் திறந்தது என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உனக்கு இழுப்பு நின்று, நான் நேரத்துக்குத் திறக்க ஆரம்பித்தபோது என் கவுண்டருக்கு ஆள் வரவில்லை. எனக்கும் அது சௌகரியமாக இருந்தது, பழையபடி இங்கேயே எடுங்கள் என்று ஒரு நாளும் நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வயது முடிந்து பத்தொன்பது நாள் ஆகிவிட்டது என்று உனக்கு அரை டிக்கெட் தர மறுத்து, நீ பிளாட்பாரத்தில் அழுது எனக்கு ரூல் அம்மா என்று பேர் வைத்தாயே, அதே ரூல் அம்மாதான் இது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் இருந்தது இன்னும் வெட்கம். இதில் உன்மேல் ஒரு பிசகும் இல்லை, மூச்சு விட்டது ஒரு குழந்தையின் குற்றமா. இதை நினைத்து நீ அங்கே உட்கார்ந்து கண்ணைக் கசக்கக் கூடாது.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். "அந்தப் பதினொன்னு நான் எழுதின கணக்குங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன், ரிஜிஸ்டர் விஷயம் உட்பட. அதிகாரி எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணை என்று கூப்பிட்டால் போவேன். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு வாரம் எண்ணிப் பார்க்கலாம், ஆனால் இந்தக் கவுண்டரில் விற்கிற டிக்கெட்டைத்தான் என்னால் எண்ண முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வாரத்துக்கு முந்தின திங்கள்கிழமை, எண்ணுகிற வாரத்தின் முதல் நாள். எனக்குப் பிறகு வந்த கிளார்க்குக்கு ஊர் வைத்த பேர் நிதானம். தப்பே செய்யமாட்டார், அவசரமும் படமாட்டார். பதினொரு டிக்கெட் கொடுத்துப் பழகின கை அது. நான் ஐந்தரைக்கே அப்பாவோடு போய்விட்டேன், வரிசை அப்போதே கவுண்டரிலிருந்து தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சைக்கிள் நிறுத்தம் வரை நின்றது. மருந்துக்கடைக்காரர், துணிமில் பெண்கள், கணக்கு டீச்சர், எல்லோரும். அப்பாவை முன்னால் போகச் சொல்லி ஆளுக்கு ஆள் கூப்பிட்டார்கள், இவர் வழக்கமான வீம்போடு, நேரம் இருக்கிறது, வரிசையிலேயே வருகிறேன் என்று நின்றுவிட்டார். நிதானம் ஒவ்வொரு டிக்கெட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறார். நான் உள்ளே போய் அவரை எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்துவிடலாமா என்று கை பரபரத்தது, வெளியே நிற்கத்தான் எனக்கு உரிமை.

ஆறு பத்துக்கு ரயில் வந்தது. டிக்கெட் வாங்கினவர்கள் ஏறினார்கள். அப்பாவுக்கு முன்னால் இன்னும் ஆறு பேர். ஏறினால் ஏறிவிடலாம், நேற்றுவரை அப்படித்தானே, அவர் பையில் நகரத்தில் எடுத்த பழைய பாஸ்கூட இருந்தது. வரிசையில் பாதிப் பேரிடம் அது இருக்கும். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, ஏறுங்கள், மெஷின் காத்திருக்காது என்றேன். "இப்ப ஏறினா நானும் நகரத்துக்காரன் ஆயிடுவேன்" என்றார். வரிசையில் ஒருவரும் நகரவில்லை. கார்டு இரண்டு முறை விசில் ஊதினார், கொடியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார், கொஞ்சம் பொறுத்தும் பார்த்தார், பிறகு ரயில் போய்விட்டது. பிளாட்பாரத்தில் நின்றவர்களைப் பழக்கதோஷத்தில் எண்ணினேன், நாற்பத்து மூன்று பேர். அன்றைக்கு வேலைக்கு லேட்டாகப் போய்ப் பேச்சு வாங்கப்போகிறவர்கள். எனக்காக ஒரு காலத்தில் கவுண்டரில் நிற்காமல் இருந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும். நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன், உனக்கு எழுதுவதில் என்ன வெட்கம்.

அப்பா ஏழே முக்கால் ரயிலில் போனார். ஒன்றரை மணி நேரம் குறைத்துத்தான் மெஷினில் போட்டார்கள், இரண்டு நாள் கால் வீங்கியிருந்தது, இப்போது வடிந்துவிட்டது, நீ டாக்டருக்குப் போன் போடவேண்டாம். அடுத்த நாளிலிருந்து நிதானம் நாலே முக்காலுக்கே கவுண்டரைத் திறந்துவிட்டார், அப்பாவை முதல் ஆளாக நிறுத்திவிட்டேன், வீம்பெல்லாம் என்னிடம் செல்லாது. ஏழு நாள் சராசரி முந்நூற்று இருபத்தாறு. கணக்கு மேலே போயிருக்கிறது. முடிவு அடுத்த மாதக் கடைசியில் என்கிறார்கள், ஒரு வாரத்துக் கணக்கு இருபது வருஷத்துக் கணக்குக்கு முன்னால் நிற்குமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் வரிசை நிற்கிறது, எண்ணுகிற வாரம் முடிந்து எட்டு நாள் ஆகியும்.

சின்னவளுக்குக் குளிர்காலத்தில் நெஞ்சை மூடிப் போர்த்திவிடு, இருமல் ஒரு வாரம் தாண்டினால் டாக்டரிடம் காட்டு, நம் வீட்டு உடம்பு அது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும், அப்பாவும் நானும் வாழ்த்துவது அது ஒன்றைத்தான். ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதே. வருகிறபோது வழக்கம்போல நகரத்தில் போக வர சேர்த்து எடுத்துவிடாதே. வருவதற்கு மட்டும் எடு. திரும்பிப் போகிற டிக்கெட்டை இங்கே, நம் கவுண்டரில், நீ வரிசையில் நின்று வாங்கவேண்டும். நான் உன் பின்னால் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் ரூல் அம்மா