எங்கள் வீடு வரை எட்டுமா

ரோஸ் ஹில், 1967 டிசம்பர், ஞாயிறு

மாலையில் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து ஏர் பிஸ்டல்கள் இரண்டையும் துடைத்து எண்ணெய் போட்டேன். புதியதற்கு வேகம் அதிகம். ஆனாலும் எனக்குப் பிடித்தது பழையதுதான். கைக்குள் அடக்கமாக உட்காரும். பக்கத்து வீட்டு காஸ்தோனுக்கும் அதுதான் பிடிக்கும். ஞாயிறுதோறும் வேலியோரம் சார்டின் டப்பாக்களை அடுக்கிவைத்துச் சுடுவோம். அவன் ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல், நாங்கள் தமிழர். இதுவரை இதை எழுத வேண்டி வந்ததில்லை. இந்தத் தீவில் இனக் கலவரம் வரும் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து அவன் வருவதில்லை.

இன்று வந்தான். பிஸ்டலைத் தொடவில்லை.

"இதுல சுட்டா எங்க வீடு வரைக்கும் எட்டுமா?"

"எதுக்குக் கேக்குற?"

"வீட்டுக்காரி கேட்டுட்டு வரச் சொன்னா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. இரண்டையும் துணியில் சுற்றி அவனிடம் நீட்டினேன்.

"நீயே கொண்டுபோய் வெச்சுக்க. எல்லாம் அடங்கினதும் குடு."

அவன் கை நீட்டவில்லை. கதவோரம் நின்ற என் மனைவி மீனாட்சியைப் பார்த்தான்.

"இது எங்க வீட்டுல இருந்தா உன் பெண்டாட்டி தூங்குவாளா, கமராட்?" இன்னமும் என்னைத் தோழன் என்றுதான் கூப்பிட்டான்.

அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் வந்து என் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அலமாரியைப் பூட்டும் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. காஸ்தோன் தலையை ஆட்டிவிட்டு வேலியைத் தாண்டிப் போனான்.

மீனாட்சி அலமாரிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். இன்னும் தூங்கவில்லை.