பக்கெட் சலாம்

மஸ்கட், 12.3.2002

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு அப்பா பெயரை முழுசாக எழுதினோமே, இங்கே அதுதான் என் பெயராம்! சதுரங்கப்பட்டினம் ரேஷன் கடையில் கேட்டால்கூட நீ வாயால் சொல்லாமல் என்னைச் சொல்லவைப்பாயே, அந்தப் பக்தவத்சலம் என்ற பெயரை ஃபோர்மேன் ‘பக்கெட் சலாம்’ என்று நாள் முழுக்கக் கத்துகிறான். தப்பு செய்வது நான், திட்டு வாங்குவது அப்பாவா? கூடுவாஞ்சேரி சௌகத் அலியும், “இன்னா பக்கெட்டு, நாஸ்தா ஆச்சா?” என்கிறான். அவனை அறையவும் முடியவில்லை. இங்கே தமிழ் பேச அவன் ஒருவன்தான்.

அப்பாவிடம் சொல்லாதே. கருவாடு அனுப்பு. வெள்ளிக்கிழமை போன் செய்வேன். எடுத்ததும் ‘டேய்’ என்று ஆரம்பிக்காமல், என் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிடு. வேன் வந்துவிட்டது.

உன் மகன்
தணிகைவேல், தணிகைவேல்