சபை உறுப்பினரின் கணவர்

எசன், ஜெர்மனி,
15.1.1989

அன்பின் வைதேகிக்கு,

நீர் தேர்தலில் வென்ற புதினத்தை ஊரார் சொல்லித்தான் அறிந்தேன். முகாமில் என் அறையில் இருக்கும் ஜேசுரட்ணம் வந்து, "அண்ணை, உங்கட மனிசி மாகாண சபை உறுப்பினராம். எங்களுக்கு ஒரு தேத்தண்ணியும் இல்லையோ?" என்றான். முன்பே தெரிந்தவன்போலச் சிரித்துத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

ஏன் என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை? உம்மை இங்கே கூப்பிட நான் எத்தனை வருடமாக வழி பார்க்கிறேன்! என் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. வேலை செய்ய அனுமதியில்லை, இந்த நகரைத் தாண்டவும் அனுமதியில்லை. ஜன்னலால் பனியைப் பார்ப்பதுதான் என் உத்தியோகம்.

உமது,
செல்வரட்ணம்

திருகோணமலை,
20.2.1989

அன்பின் அத்தானுக்கு,

கோபமாக எழுதினாலும் உங்கள் கையெழுத்தைக் கண்டது ஆறுதல். கேட்டிருந்தால் மறித்திருப்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை. தேர்தல் வேண்டாமென்று இயக்கம் சொன்னதால், நிற்க எல்லோரும் பயந்தார்கள். பள்ளிக்கூடத்து ரீச்சரை எல்லோருக்கும் தெரியும் என்று கட்சிக்காரர் என்னை நிற்கச் சொன்னார்கள்.

சபைக்கு அதிகாரம் பாதி வந்திருக்கிறது, மீதி வரும் என்கிறார்கள். சனம் அதுவரை காத்திருக்குமா? விடிந்தால் வாசலில் ஆட்கள். களப்புத் தண்ணிக்கு அக்கரையில் மருத்துவிச்சி இல்லை. அங்கே இருக்கும் கனகவல்லி இக்கரைக்கு வரும் வழியில் தோணியிலேயே பிள்ளை பெற்றாள், பிள்ளை தங்கவில்லை. சபையில் எழும்பி அதைச் சொன்னேன். ஒருவரை நியமிக்க ஒத்துக்கொண்டார்கள். அவர் வந்து இறங்கும்வரை நான்தான் அலைய வேண்டும்.

மிரட்டல் வந்ததால் வீட்டுக்குக் காவல் போட்டிருக்கிறார்கள். வாசலில் நிற்பவர் இருமினால், சில நேரம் நீங்கள் என்று நினைத்து எழும்புகிறேன்.

என்றும் உங்கள்,
வைதேகி

எசன்,
11.4.1989

அன்பின் வைதேகிக்கு,

என் வழக்கை மறுத்துவிட்டார்கள். "மனைவி அங்கே சபையில் இருக்கிறார். உங்களுக்கு மட்டும் என்ன ஆபத்து?" என்று விசாரணையில் கேட்டார்கள். உம் வாசலில் நிற்கும் காவலைச் சொல்லியிருக்கலாம்.

பதவியை விட்டுவிட்டு வாரும். இருவருமாகக் கேட்டால் இரங்குவார்கள். வரமாட்டீர் என்றால், நான் யாருக்காக இங்கே இருக்கிறேன் என்று எழுதும்.

செல்வரட்ணம்

திருகோணமலை,
9.5.1989

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, விலகுவதென்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அதைக் கொடுக்க வெளிக்கிட்டபோது வாசல் படலையடியில் கனகவல்லி நின்றாள். "ரீச்சர், போறதெண்டால் போங்கோ. மருத்துவிச்சி வந்தாப் பிறகு போங்கோ" என்றாள். திரும்பி வந்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை, அத்தான். கோபித்தாலும் எழுதாமல் இருக்காதீர்கள்.

வைதேகி

எசன்,
2.7.1989

அன்பின் வைதேகிக்கு,

கோபத்தில்தான் எழுதாமல் இருந்தேன்.

திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், இந்த மாநிலத்துப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரிடம் போனேன். ஒரு பெண்மணி. அவருடைய அலுவலகத்தில், வருபவர்கள் இருந்து காத்திருக்க வரிசையாகக் கதிரைகள். சுவர் ஈரம் பிடித்த வீட்டுக்காரி, வேலை போன சுரங்கத் தொழிலாளி, பிறகு நான். எனக்காகப் பேச வந்த ஜேசுரட்ணத்தின் அரைகுறை ஜெர்மனைப் பொறுமையாகக் கேட்டார். "மனுக் குழுவுக்குக் கொண்டுபோகிறேன். முடிவு என் கையில் இல்லை. ஆனால் பாதியில் விடமாட்டேன்" என்றார்.

இடையில் தொலைபேசி அடித்தது. இரண்டு சொல் பேசி வைத்துவிட்டு, மறுபடி என் பக்கம் திரும்பினார். "அவவின்ர மனிசன் போல, அண்ணை. சாப்பிட வரச் சொல்லுறார். இந்தா வாறன் எண்டு சொல்லுறா" என்று ஜேசுரட்ணம் காதுக்குள் சொன்னான். எனக்குப் பின்னாலும் கதிரைகள் நிறைந்திருந்தன.

வீட்டில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கும் அந்த மனிதரையே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

வாரும் என்று இனி எழுதமாட்டேன். ஆட்கள் போன பிறகு, களைப்பில்லாவிட்டால், இரண்டு வரி போடும்.

உமது,
செல்வரட்ணம்