காய்ந்துபோன சிவப்புப் பேனா

அன்பு மகளுக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் நான் இங்கே நலமாகவும், மாடியில் இருக்கும் உன் அத்தையின் இரக்கத்தால் அளவுக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டும் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் அங்கே குறைவின்றி இருக்கும்படி காலையும் மாலையும் முழங்காலில் நின்று கேட்கிறேன், முழங்கால் ஒத்துழைக்காத நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறேன். இந்தக் கடிதத்தில் வரிகள் நேராகப் போவதை நீ கவனித்திருப்பாய். என் கடிதங்கள் மலை ஏறுகின்றன, ஒரு வரி இன்னொரு வரியின் தோளில் உட்கார்ந்திருக்கிறது, பேனாவை மாற்றுங்கள் என்று போன முறை எழுதியிருந்தாய். குற்றம் பேனாவுடையது அல்ல. இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்து, ஏழு மாதமாக எனக்கு அச்செழுத்து ஒன்றும் தெரியவில்லை. ஐந்து வாரத்துக்கு முன் வலது கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை ஆயிற்று, அந்தக் கண்ணால்தான் இதை எழுதுகிறேன். உன்னிடம் சொல்லவில்லை என்று கோபப்படுவாய். உனக்கு அந்த உரிமை உண்டு, ஆனால் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு.

நாற்பத்தொரு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவளுக்கு எழுத்து தெரியவில்லை என்றால் அதை எப்படி வெளியே சொல்வது? டாக்டர் சின்ன வேலைதான் என்றார். ஆனால் செய்துகொண்டபின் நான்கு வாரம், ஒரு நாளைக்கு ஆறு தடவை யாராவது பக்கத்தில் இருந்து சொட்டு மருந்து விட வேண்டும் என்றும் சொன்னார். உன் அத்தைக்கோ பகலெல்லாம் பள்ளிக்கூட அலுவலக வேலை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி என் கண்ணைத் திறந்து மருந்து விடுங்கள் என்று கேட்கும் பழக்கம் எனக்கில்லை என்பது உனக்குத் தெரியும். உன்னிடம் சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு விமானம் ஏறுவாய். அதனால் கண்ணை அப்படியே வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன். செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு வானொலி கேட்டேன். கோயிலில் ஞாயிறு தோறும் வேதபாடம் வாசிப்பது முப்பது வருடமாக என் பொறுப்பு அல்லவா, அதுதான் சிக்கல். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரியை நினைவிருக்கிறதா, நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் நாக்கு உள்ளே போய்விடும் என்பாளே, அவளைச் சனிக்கிழமை காலையில் கூப்பிட்டு, உன் வாசிப்பு வரவர மோசமாகிறது, உட்கார், நான் திருத்துகிறேன் என்று அந்த வாரத்துப் பகுதியை மூன்று தடவை உரக்க வாசிக்க வைத்தேன். இங்கே நிறுத்து, இங்கே மூச்சு வாங்கு, இது என்ன சந்தைக் கூச்சலா என்று அதட்டிக்கொண்டே நான் மனப்பாடம் செய்தேன். கான்வென்டில் மதர் எங்களை நிற்க வைத்து ஓர் அதிகாரம் முழுவதையும் ஒப்பிக்கச் சொல்வார், ஒரு சொல் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. அந்தத் தண்டனை எழுபத்தாறு வயதில் கைகொடுத்தது. ஞாயிறன்று மேசை முன் நின்று புத்தகத்தைப் பார்ப்பது போல் பார்த்து ஒப்பித்துவிட்டு இறங்குவேன். ஒருவருக்கும் தெரியாது என்று பெருமை வேறு.

பிறகு வந்தது அந்த ஞாயிறு. அந்த வாரத்துக்குக் குறித்திருந்த பகுதி, நடக்க முடியாத மனிதனை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்து, கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்கினார்களே, அது. தையல்காரியிடம் கேட்டு நன்றாகப் படித்து வைத்திருந்தேன். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் போதகர் பாடத்தை மாற்றிவிட்டு எல்லோருடைய கைபேசிக்கும் செய்தி அனுப்பியிருக்கிறார். என் கைபேசியும் மேசையில் கிணுகிணு என்றது. நான் அதைத் துணியால் துடைத்துத் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான். மறுநாள் மேசையில் புத்தகம் வேறு பக்கத்தில், விதைப்பவன் விதைக்கப் போன இடத்தில் திறந்திருக்க, நான் அதை விரலால் தடவிக்கொண்டே கட்டிலையும் கூரையையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். கடைசியில் எல்லோரும் வழக்கத்தைவிடச் சத்தமாக ஆமென் சொன்னார்கள். என் வாசிப்பு இன்று உருக்கமாக அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். போதகர் மட்டும் பிரசங்கத்தில் தட்டுத் தடுமாறினார். அந்த நாலு பேரின் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை என்பதையே மூன்று தடவை சொன்னார். இந்த வாரம் மனிதர் தயார் செய்யாமல் வந்துவிட்டார், சொல்லி வைக்க வேண்டும் என்று நினைத்தேன். எழுதி வந்த பிரசங்கத்தை எனக்காக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு நின்ற இடத்தில் அவர் யோசித்துப் பேசினார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

உன் அத்தைக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. திங்கட்கிழமை காலை காபியோடு வந்து, "அண்ணி, நீங்க நேத்து வாசிச்சது ஒண்ணு, புத்தகத்துல இருந்தது ஒண்ணு. எங்க எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டுந்தான் தெரியல" என்று போட்டு உடைத்தாள். எனக்குக் காது சிவந்துவிட்டது. அவளை மாடிக்குப் போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அந்த மேசையில் இனி நிற்கும் தகுதி எனக்கில்லை, அந்தக் கோயிலுக்குள் இனி எந்த முகத்தோடு போவது என்று அரை நாள் உட்கார்ந்திருந்தேன். பிறகு மேசையைத் தடவிக் கைக்கு அகப்பட்ட பேனாவை எடுத்து, வேதபாடம் வாசிக்கும் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று போதகருக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நல்ல கடிதம், முப்பது வருடப் பணியைக் குறிப்பிட்டிருந்தேன், யாரையும் குறை சொல்லவில்லை. உறையில் போட்டு ஒட்டி, இது என் ராஜினாமா என்று சொல்லி உன் அத்தையிடமே கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் போதகர் வந்தார். கூடவே தையல்காரியும், கோயிலின் வார அறிக்கைத் தாளை அச்சடிக்கிற அச்சகக்காரரும், கோயில் விளக்குகளைப் பார்த்துக்கொள்கிற மின்சாரக்காரரும். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்தார்கள். போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, நீங்க அனுப்பினது வெறும் வெள்ளைத் தாள். ராஜினாமா எதுவும் எனக்குக் கிடைக்கல, கிடைக்காததை நான் எப்படி ஏத்துக்கிறது?" என்றார். எனக்குப் புரியவில்லை. தையல்காரி என் மேசையிலிருந்த பேனாவை எடுத்துத் தன் கையில் கிறுக்கிப் பார்த்து, "அம்மா, இது உங்க சிவப்புப் பேனா. சுத்தமா காஞ்சு போச்சு" என்றாள். வாரா வாரம் கோயிலின் அறிக்கைத் தாளில் பிழைகளை வட்டமிட்டு அச்சகக்காரரிடம் திருப்பிக் கொடுப்பேனே, அந்தப் பேனா. ஏழு மாதம் தொடாமல் கிடந்து மை வற்றியிருக்கிறது. மை இல்லாத பேனாவால் ஒன்றரைப் பக்கம் எழுதி, ஓரம் மடித்து, ஒட்டி அனுப்பியிருக்கிறேன். முதலில் எனக்கு அழுகைதான் வந்தது. அப்புறம் அந்த ஒன்றரைப் பக்கத்தில் நான் போட்ட அழகான வாக்கியங்களை நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததும் அவர்களுக்கும் உயிர் வந்தது.

அன்றுதான் எல்லாம் வெளியே வந்தது. அவர்களுக்கு என் கண் விஷயம் அந்த ஞாயிறன்று தெரிந்ததல்ல, ஏழு மாதமாகவே தெரியும். முதலில் கண்டுபிடித்தது அச்சகக்காரர். "ஒரு வாரம் உள்பக்கம் ரெண்டும் தலைகீழா அச்சாயிடுச்சும்மா. இன்னைக்குச் செத்தேன்னு கதவோரமா ஒதுங்கி நின்னேன். நீங்க தாளைப் பிரிச்சுப் பாத்துட்டு, இந்த வாரம் சுத்தமா வந்திருக்கு தம்பின்னு தோளைத் தட்டிட்டுப் போனீங்க. பாராட்டு வாங்கி அழுதவன் நான் ஒருத்தன்தான்" என்றார். அவர் போதகரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அந்தச் சனிக்கிழமை பாடத்தை மாற்றிச் செய்தி அனுப்பியபோது அதை மறந்துவிட்டது தன் தப்பு என்றார் போதகர். போதகர் மின்சாரக்காரரிடம் சொல்ல, அவர் கோயிலில் நான் வாசிக்கும் மேசைக்கு மேலே மாதத்துக்கு ஒரு பெரிய விளக்காக மாற்றியிருக்கிறார். படிகளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு அடித்ததும் அவர்தான். அந்தக் கோடு மகா அசிங்கமாக இருக்கிறது என்று அவரிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன், அதன்மேலேயே கால் வைத்து ஏறிக்கொண்டு. தையல்காரியோ தானாகவே ஊகித்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் நான் அதட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு, எனக்கு மனப்பாடம் ஆகும்வரை வேண்டுமென்றே தப்பாக வாசித்து மறுபடி மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏழு மாதம் எல்லோரும் சேர்ந்து என்னை வைத்து நாடகம் போட்டீர்களா, நேராகச் சொல்ல ஒருவருக்கும் வாய் இல்லையா என்று கேட்டேன். போதகர், "சொன்னா நீங்க மேசையை விட்டு இறங்கிடுவீங்க, அப்புறம் கோயிலுக்கே வரமாட்டீங்க. உங்களை எங்களுக்குத் தெரியாதா? நீங்களா சொல்ற அன்னைக்குக் கூட நிக்கலாம்னு இருந்தோம்" என்றார். வாழ்நாளெல்லாம் பிறர் பிழையைக் கண்டால் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தவள் நான். என் குறையைக் கண்டபோது இவர்கள் ஒரு விளக்கைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். விசுவாசம் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், பிரசங்கங்களை மெய்ப்புக்கூடத் திருத்தியிருக்கிறேன். ஆனால் அதன் முகத்தை அன்று என் முன்னறையில், மங்கலாக, நாலு நாற்காலியில் பார்த்தேன்.

அப்புறம் நான் சொட்டு மருந்துக் கதையைச் சொல்லிவிட்டேன். இவ்வளவுதானா என்று அங்கேயே முறை போட்டுவிட்டார்கள். காலை இரண்டு தடவை தையல்காரி, நண்பகலில் மின்சாரக்காரர், பிற்பகலில் அச்சகக்காரர், மாலை இரண்டு தடவை உன் அத்தை. நாலு பேரும் ஒரு நாள் கூடத் தவறவில்லை. மின்சாரக்காரர் எத்தனை கம்பத்தில் ஏறியவர், என் கண்ணைக் கண்டதும் தன் கண்ணை மூடிக்கொண்டு முதல் நாள் மூக்கு நுனியில் விட்டார், இரண்டாம் நாள் காதில். உன் அத்தை மாடியிலிருந்து இறங்கி வந்து, "நாலு பேர் தூக்குறதெல்லாம் சரி, கூரையைப் பிரிக்காததுதான் பாக்கி" என்று கேலி செய்வாள். ஆறு வேளையையும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கதவில் ஒட்டியிருந்தார் அச்சகக்காரர். கட்டுப் பிரித்த அன்று நான் முதலில் படித்தது அந்தத் தாளைத்தான். பிற்பகல் வேளையை இரண்டு தடவை போட்டிருந்தார். புதுச் சிவப்புப் பேனா கேட்டேன். அவர் சட்டைப்பையிலேயே ஒன்று வைத்திருந்தார், எத்தனை நாளாக வைத்திருந்தாரோ.

நான் ஓய்வில் இருந்தபோது வேதபாடம் வாசிக்க யாரைச் சொல்வது என்று போதகர் கேட்க, நான் தையல்காரியைச் சொன்னேன். "அய்யோ, நான் மாட்டேன்மா, கால் நடுங்கும், கீழ விழுந்து மானம் போகும்" என்று கும்பிட்டாள். வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஏறு என்றேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். முதல் வரி கொஞ்சம் நடுங்கிற்று. அதன்பின் நான் நிறுத்தச் சொன்ன இடத்திலெல்லாம் நிறுத்தினாள், மூச்சு வாங்கச் சொன்ன இடத்தில் வாங்கினாள். என் கண்ணை மறைக்க நான் பொய்யாகச் செய்த திருத்தத்தை அவள் மெய்யாகவே படித்து வைத்திருக்கிறாள். போன ஞாயிறு நான் மறுபடி மேசைக்குப் போனேன். எழுத்துகள் கருகருவென்று நின்றன, மகளே, ஒவ்வொன்றாக. பாதி வாசித்தேன். அங்கேயே நிறுத்திவிட்டு, மீதியை வாசிக்க அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். இனி இப்படித்தான் என்று போதகரிடம் சொல்லிவிட்டேன், அவரும் மறுக்கவில்லை. இடது கண்ணுக்கு அடுத்த மாதம். முறைத் தாள் இப்போதே கதவில் ஏறிவிட்டது, ஆகையால் நீ பயணச்சீட்டு வாங்க வேண்டாம்.

இப்போது உன் விஷயம். தொலைபேசியில் எப்போது கேட்டாலும், "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்கிறாய். அந்தக் குரலை நான் அடையாளம் கண்டுகொண்டேன். ஏழு மாதம் நான் உன்னிடம் பேசிய குரல் அது. என்ன என்று கேட்க மாட்டேன், நீயாகச் சொல்லும் நாள் வரட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கோயில் இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தாய். ஆராதனையைக் கைபேசியில் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். கைபேசிக்கு உன் முகம் தெரியாதே. போய் உட்கார், கடைசி வரிசையில் வேண்டாம், நடுவில் உட்கார். நீ ஒரு வாரம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒருத்தி, உன் பேனா காய்ந்துவிட்டதைக் கவனிக்க ஒருவர், அங்கேயும் உனக்கு இருக்க வேண்டும். நானும் அதைத் தாமதமாகத்தான் கற்றேன்.

மாப்பிள்ளையின் இருமலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல். பெரியவன் கையெழுத்தில் எனக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல், சின்னவள் படம் போட்டு அனுப்பட்டும், இனி எல்லாம் எனக்குத் தெரியும். போன ஞாயிற்று அறிக்கைத் தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். ஐந்து சிவப்பு வட்டம் இருக்கிறது, அச்சகக்காரர் அதைக் கோயில் வாசலில் எல்லோரிடமும் தூக்கிக் காட்டினார், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி. கர்த்தர் உங்கள் நால்வரையும் போக்கிலும் வரவிலும் காத்து, உங்கள் வீட்டு விளக்கு குறையாமல் வைத்திருப்பாராக. ஞாயிறு, நடு வரிசை, மறந்துவிடாதே.

இரண்டு கைகளையும் உன் தலைமேல் வைத்து,
உன் அம்மா