தலையாட்டி வாங்கின நாலு கூடை

வடிவுடையம்மன் துணை

கத்திவாக்கம்
8.1.2025

உதயா கண்ணு,

அந்த காரப்பொடி மீன் கதைய பக்கத்து வூட்டு மலரு உனுக்குப் போன்ல சொல்லியிருப்பா, ஆனா அவ சொன்னது பாதிதான், மீதிய நா சொல்றேன் கேளு. மீன் ஏலத்துல, ஏலம் வுடற ஜெயவேலு என்னப் பாத்து இன்னாமோ கேட்டான். எனுக்கு ஒன்னும் வெளங்கல. கேக்கலன்னா சிரிச்சிகினே தலையாட்டிருவேன், ரெண்டு வருசமா அதான் பழக்கம். ஏலத்துல தலையாட்டுனா வாங்கிட்டேன்னு அர்த்தமாச்சே. நாலு கூடையும் என் தலையில. "இன்னாக்கா, மொத்தக் கடலையே வாங்கிக்கிறியா?"ன்னு ஒருத்தி என் காதுலயே வந்து கத்துறா.

அது போவட்டும். என் மவன் திலீப்பு, "அம்மாவுக்கும் ஆயா மாதிரி மூள கலங்கினு வருது"ன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னானாம். அன்னிலேர்ந்து நா ஏலத்துக்குப் போவல. எங்கம்மா கடைசில குந்தியிருந்தா மாதிரியே செவுத்தப் பாத்துகினு குந்திகினு கீறேன். பயமா கீது கண்ணு. போன் பண்ணாத, கேக்காது. எழுது.

உன் அத்த
செல்லம்மா

கோயம்புத்தூர்
17.1.2025

அன்புள்ள அத்தைக்கு,

ஆஸ்பத்திரி டியூட்டி ரூம்ல உக்காந்து உன் லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். மொதல்ல காதுக்கு டெஸ்ட் எடு, மூளைய அப்புறம் பாக்கலாம். காது கேக்காதவங்க மெதுவா பேச்ச விட்டுடறாங்க, தனியா ஆயிடறாங்க. மறதி நோய் வர அதுவும் ஒரு வழி. கண்டிப்பா வராதுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அந்த வழிய அடைக்கலாம். காது மெஷின் மாட்டிகினு ஏலத்துல போய் நில்லு. கோயிலுக்கு நடந்தே போ. வெள்ளிக்கெழம விரதம்னு பிரஷர் மாத்திரைய நிறுத்தாத. அம்மன் கோச்சிக்க மாட்டா.

உன் அண்ணன் மக
உதயா

வடிவுடையம்மன் துணை

கத்திவாக்கம்
26.2.2025

உதயா கண்ணு,

மெசின் மாட்டி இருவது நாளாச்சி. டாக்டரம்மா கெழம, மாசம் கேட்டாங்க, அஞ்சு சாமான் பேரு சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். இப்போதிக்கு காதுதான் கொற, ஞாபகம் நல்லா கீதுன்னாங்க. அம்மனுக்கு மாவெளக்கு போட்டேன். ஏலத்துக்கும் போனேன். "அக்கா, கொசு கடிச்சாலும் தலைய ஆட்டாத"ன்றான் ஜெயவேலு. எல்லாரோட நானும் சிரிச்சேன்.

வூட்லதான் ஒன்னும் மாறல. திலீப்பு இன்னும் கையாலதான் பேசறான். சோறு துன்னியான்னு வாய்கிட்ட கையக் காட்றான். கேக்குதுடா, வாயத் தொறந்து பேசுடான்னேன். தலையாட்டிட்டுப் போயிட்டான். பகலெல்லாம் ஃபேன் சத்தம் கேக்குது, அடுத்த வூட்டு குக்கர் சத்தம் கேக்குது. என் பேரத்தான் யாரும் கூப்பிடல. நீ இனிமே போன் பண்ணலாம் கண்ணு.

உன் அத்த
செல்லம்மா

லெட்டர மடிக்கறப்பதான் ஞாபகம் வருது. எங்கம்மாவும் யாரு இன்னா கேட்டாலும் சிரிச்சிகினே தலையாட்டும். நாங்களும் கையதான் காட்டுவோம். ஒரு நாள் எண்ண தேச்சி வுடறப்ப, அதோட எடது காதுல வாய வெச்சி "சூடா கீதா?"ன்னு கேட்டேன். "போதும் செல்லம்மா"ன்னு என் பேரச் சொல்லிச்சி.