தனிவழிக்கு உன் பெயர்

இன்று காலைக் கூட்டத்தில் எனக்கும் அந்தத் துண்டைக் கொடுத்தார்கள். வெந்நீரில் நனைத்து, எலுமிச்சைப்புல் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, இறுக்கிச் சுருட்டி, இடுக்கியால் தூக்கிக் கையில் வைப்பார்களே, அதேதான். முகத்தில் ஒற்றியதும் உன் கை வாசனை வந்தது. கூட்டம் நடக்கிற அந்த ஓட்டலில் பதினாறு வருடம் துண்டு சுருட்டிய கை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் உன் வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைந்தாலும் வாசனை போவதில்லை என்று உன் வீட்டுக்காரர் முணுமுணுப்பார். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இப்போது வேறு யாரோ சுருட்டுகிறார்கள். உன் இறுக்கம் அதில் இல்லை.

என்ன கூட்டம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்ச் சுற்றுலா ஆலோசனைக் குழு. நீர்த்தேக்கத்தின் கரையை எப்படி மீட்டெடுக்கலாம் என்று ஆலோசனை சொல்ல வந்த மகா புத்திசாலிகள். நீ வேலை செய்த ஓட்டலின் முதலாளி. அவருடைய கழிவுக்குழாய் எங்கே வாய் திறக்கிறது என்பது நாம் துணி துவைக்கிற இடத்தில் நின்றால் தெரியும். கொழும்பிலிருந்து வருகிற பயண முகவர் ஒருவர். வந்த நேரத்திலிருந்து கரையைப் படம் எடுப்பார், கரையில் கால் வைக்க மாட்டார். ஓய்வுபெற்ற தோட்டத்துரை ஒருவர். இன்னமும் நம்மைப் பார்த்தால் கொழுந்து நிறுக்கிற பார்வைதான். இவர்களுக்கு மேலே என் மேலதிகாரி, குழுவின் தலைவர். கூட்டம் முழுக்க ஆங்கிலத்தில். ஆங்கிலத்தைத் தமிழாக்கவும் தமிழை ஆங்கிலமாக்கவும் அலுவலகத்து மொழிபெயர்ப்பாளராகிய நான்.

உன்னை ஏன் சேர்த்தார்கள் என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். திட்டத்துக்கு உதவுகிற வெளிநாட்டு நிறுவனம் இரண்டு விஷயம் கேட்டது. பாகுபாட்டுக்கு எதிராக ஒரு விதி வேண்டும், தோட்டத்து மக்களில் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். தோட்டம் தோட்டமாக அலைந்து தேட அவர்களுக்கு நேரம் ஏது? கூட்டம் நடக்கிற ஓட்டலிலேயே படுக்கை விரிக்கிறவள் ஒருத்தி இருந்தாள். கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். "வேல நேரத்துல நாற்காலியில ஒக்காரச் சொல்லிட்டாங்கடி, எந்திரிச்சா ஏசுவாங்களோன்னு பயமா இருக்கு" என்றாய்.

முதல் கூட்டத்திலேயே பரிமாறுகிற பையன் தட்டோடு வரிசையாக வந்தான். எல்லோருக்கும் துண்டு வைத்தான். உன்னிடம் வந்ததும் தாண்டிப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், நீ வேலைக்காரி என்றே அவனுக்குப் பழக்கம். ஆனால் பாகுபாட்டைப் பற்றி மூன்று மணி நேரம் பேச உட்கார்ந்திருந்த ஆலோசகர்களில் ஒருவருக்குக்கூட அது கண்ணில் படவில்லை. எல்லோரும் கண்ணை மூடி முகம் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நீ என் பக்கம் சாய்ந்து, "நான் சுருட்டுனதுதான், எனக்குத் தெரியாததா" என்றாய்.

உனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. கரையோரத்தில் எந்த இடம் திறந்தாலும், தோட்டத்து ஆள் என்பதற்காக யாரையும் வாசலில் மறிக்கக் கூடாது என்று எழுத வேண்டும். அதற்குக் காரணம் உன் மகள். அவள் ஆசிரியையாகப் படிக்கக் கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவான வாரம், லீவு போட்டு, நல்ல சேலை கட்டி, அதே ஓட்டலின் புல்வெளியில் உட்கார்ந்து அவளோடு ஒரு கோப்பை தேநீர் குடிக்கப் போனாய். காவலுக்கு நின்றவன் நம் தோட்டத்துப் பையன்தான். "அக்கா, ஒங்களுக்குத் தெரியாததா? லயத்து ஆளுங்கள முன்னால விட்டா மெனேஜர் என்னயதான் ஏசுவாரு. பின்பக்கமா வாங்க, டீ நானே வாங்கித் தாரேன்" என்றானாம். உன் மகள் திரும்பி நடந்தாள். கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அவள் இந்த ஊர்ப்பக்கம் வருவதில்லை. நீதான் அட்டனுக்கு பஸ் ஏறிப் போய், ரயில் பிடித்து அவளைப் பார்த்து வருவாய்.

அந்த முதல் கூட்டத்தில் உன் முறை வந்ததும் எழுந்து நின்றாய். உட்கார்ந்து பேசலாம் என்று தலைவர் பெருந்தன்மையாகக் கையைக் காட்டினார். நீ உட்காரவில்லை. "அந்தக் கேட்டுல எம்புள்ளய நிறுத்துனாங்க. லயத்து ஆளுங்கன்னு சொல்லி நிறுத்துனாங்க. இனி யாரு புள்ளயையும் அப்படி நிறுத்தக் கூடாதுன்னு எழுதுங்க" என்றாய். அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஓட்டல் முதலாளி எதிரில் இருந்தார். தலைவர் பக்கத்தில் இருந்தார். என் இடமாற்றக் கடிதம் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. தோட்ட மக்களுக்குக் கரையில் நல்ல வசதிகள் செய்து தரும்படி இந்த அம்மா பணிவோடு கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லோர் முகத்திலும் வெளிச்சம். "அருமையான யோசனை" என்று துரை மேசையைத் தட்டினார். இவர்களை இவ்வளவு கேவலமாக எழுதுகிறேனே, இவர்களுக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தவள் நான். எனக்கு என்ன பெயர் வைப்பது?

கூட்டம் முடிந்து பஸ் நிற்கிற இடத்துக்கு ஏறும்போது நீ சொன்னாய்: "நான் சொன்னது ஒன்னு, நீ சொன்னது ஒன்னு. பெசிலிட்டீஸ்னு சொன்னல்ல? அந்த வார்த்த எங்க ஓட்டல் போர்டுலயே இருக்குடி." எனக்குத் தலை நிமிரவில்லை. நீ திட்டியிருக்கலாம். "சரி விடு. அடுத்த கூட்டத்துல சரியா சொல்லிரு" என்றாய். அடுத்த கூட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, நெஞ்சு வலிக்கிறது என்று உன்னை லயத்திலிருந்து தூக்கி இறக்கினார்கள். ரோட்டுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் உனக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். நான் சரியாகச் சொல்லவில்லை. அதற்கடுத்த கூட்டத்திலும் சொல்லவில்லை. இடமாற்றமும் வரவில்லை, அது வேறு கதை.

இன்று திட்டத்தைத் திரையில் காட்டினார்கள். முதலில் விதியை வாசித்தார்கள். இனம், மதம், மொழி, பால், நிறம், நாடு எதுவானாலும் எந்த விருந்தினருக்கும் பாகுபாடு காட்டக் கூடாது. கைதட்டல். விருந்தினர் என்றால் யார் என்று கேட்டேன். அறை எடுத்துத் தங்குகிறவர்கள் என்றார் தலைவர். பிறகு கரை வந்தது. புல், நடைபாதை, வரிசையாக மரப்பெஞ்சுகள். அதற்குப் பின்னால் மூங்கில் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் லயத்திலிருந்து இறங்கி, பயணிகள் கண்ணில் படாமல் ஒரு மூலையில் குளிக்கிற இடத்துக்குப் போகிற ஒரு ஒற்றையடிப் பாதை. தோட்ட மக்களுக்கான தனிவழி. "மறைந்த உறுப்பினர் கேட்ட வசதி இது, அவர் பெயரையே வைப்போம்" என்றார் ஓட்டல் முதலாளி. அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கள்ளத்தனமாகச் செய்திருந்தால்கூட மதித்திருப்பேன். இந்த மனிதர்கள் மனமுருகி வேலி கட்டுகிறார்கள்.

பலகைக்குத் தமிழில் எழுதித் தரும்படி தலைவர் தாளை என் பக்கம் தள்ளினார். நான் எழுந்து நின்றேன். நீ சொன்ன மூன்று வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொன்னேன். கேட்டை இந்த ஓட்டலின் கேட் என்றேன். பிள்ளையை உன் பிள்ளை என்றேன். உன் பெயரை இந்தப் பலகையில் எழுத மாட்டேன் என்றேன். பயண முகவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

துரைதான் வாயைத் திறந்தார். உண்மையாகவே புரியாமல் கேட்டார்: "இதை அந்த அம்மா அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"அவள் அன்றைக்கே சொன்னாள். நான்தான் மாற்றிச் சொன்னேன்" என்றேன். அதையும் கூட்டறிக்கையில் எழுதச் சொன்னேன். விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். வேறென்ன செய்வார்கள்?

உன் மூன்று வாக்கியம் இனி என்னிடம்தான் இருக்கிறது. எந்தக் கூட்டத்தில் கேட்டாலும் ஒரு சொல் குறையாமல் சொல்வேன். ஆனால் உன் மகளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. நான் மாற்றிச் சொன்னதை வைத்து எழுதிய கூட்டறிக்கையைப் படித்துவிட்டு, கேட்டில் நடந்ததைப் பற்றி அம்மா குழுவில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள் என்றுதான் அவள் ஒன்பது மாதமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். நாளை முதல் பஸ்ஸில் அவளைப் பார்க்கப் போகிறேன்.